முன்னால் மார்கழி, பின்னால் சித்திரை

சென்ற மாம்பழ சீஸனில் நான் ஒரு வீட்டிலே ஏறிக்கொண்டு ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரையில் போய் வந்தேன்.

"வீட்டிலே ஏறிக்கொண்டா? வெயில் இந்த அம்மாளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறதே!" என்று நீங்கள் சிரிக்கலாம். வெயில் ஏறியது வாஸ்தவந்தான். ஆனால் எனக்கல்ல, என் மாமியாருக்கு. வெயில்தான் ஏறியதா, வேறு ஏதாவதா என்பது இன்றுவரையில் தீராத சந்தேகம். அதனால்தான் இந்த வாரம் சமையல், சினிமா எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் கொழுந்தனாருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். அந்த ஊரில் பாதிப் பேருக்கு உத்தியோகமே வண்டி செய்வதுதான். அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் வந்த பிறகு ஊரில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பிஸ்டன், கியர் என்ற பேச்சுத்தான் காதில் விழும். இப்படிப்பட்ட ஊரில் இருப்பவருக்கு விபரீத ஆசைகள் வராமல் இருக்குமா? அவரும் அவருடைய சிநேகிதரும் சேர்ந்து பத்து வருஷம் ஓடிய ஒரு வேனை வாங்கினார்கள். ஒரு பட்டறையில் கொடுத்து அதற்குள் படுக்கை, சின்ன அடுப்பு மேடை, கைகழுவத் தொட்டி, கூரையில் ஒரு ஏ.சி. எல்லாம் வைத்துக் கட்டச் சொன்னார்கள். இதற்குப் பெயர் காரவன். சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பில் இளைப்பாறுவார்களே, அந்த ஜாதி. கேரள சர்க்கார் 2021-ல் இத்தகைய வண்டிகளில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்வதற்கென்றே ஒரு திட்டம் ஆரம்பித்தது. அதைப் பார்த்ததிலிருந்து கொழுந்தனாருக்குத் தூக்கமில்லை.

இதில் என் மாமியாருக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எழுபத்து நான்கு வயசு. முழங்கால் இரண்டும் மடங்காது. பஸ்ஸில் நாலு மணி நேரம் உட்கார முடியாது. காரிலும் காலை நீட்ட முடியாது. திருவண்ணாமலைக்குப் போக வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறார். "படுத்துக்கொண்டே போகலாம் அம்மா!" என்று பிள்ளை வண்டியைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, அந்த அம்மாளின் கண்ணில் நீர் தளும்பியதை நான் பார்த்தேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. எங்கள் குடும்பத்து வழக்கப்படி பத்தேகாலுக்குக் கிளம்பினோம். முன் பக்கத்தில் கொழுந்தனாரும் என் கணவரும். நடுவில் நானும் என் ஓரகத்தியும், அவளுடைய இரண்டு வயசுக் குழந்தையும். பின்னால் படுக்கையில் மாமியார். அவருக்கு மறைவாக இருக்கட்டும் என்று நடுவில் கனமான திரை ஒன்றைக் கூரையிலிருந்து தரை வரை தொங்கவிட்டிருந்தோம். குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாதே என்று ஜன்னல்களையெல்லாம் இழுத்து இழுத்து அடைத்தது நான்தான். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

சூளகிரி தாண்டும் வரையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று சொன்ன ஊர். அங்கே ஏ.சி. சரியாக வேலை செய்யாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய நானூறு மீட்டர் கீழே இறங்கிக் கிருஷ்ணகிரி வந்ததும் சாயம் வெளுத்துவிடும். கருங்கல் குன்றுகள் காய்ச்சிய தோசைக்கல் மாதிரி இரண்டு பக்கமும் நிற்கின்றன.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நின்றபோது பார்த்தேன். முன்னால் என் கணவர் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் குறைத்து வையேண்டா, காது வலிக்கிறது" என்கிறார். நான் திரையை விலக்கிப் பின்னால் போனேன். குப்பென்று அனல் முகத்தில் அடித்தது. மாமியார் ஈரத்துணி மாதிரிக் கிடந்தார்.

"அத்தை! அத்தை!"

"தலையை வலிக்கிறதம்மா. வயிற்றைப் புரட்டுகிறது" என்றார். சத்தமே எழும்பவில்லை.

"ஏன் அத்தை, கூப்பிடக் கூடாதோ?"

"எல்லாரும் சந்தோஷமாகப் பேசிண்டிருந்தேளே..."

கதவைத் திறந்து, இறக்கி, புளியமரத்து நிழலில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, பக்கத்திலே ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துப் போனோம். விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். பிராணவாயு 98 என்று காட்டியது. "வயசானவர்கள், வெயில்தான் காரணம், இன்றைக்கு மேலே போக வேண்டாம்" என்றார் டாக்டர். திருவண்ணாமலைக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. வண்டியைத் திருப்பினோம். வழி நெடுகிலும் மாமியார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அண்ணாமலையார் கூப்பிடவில்லை."

கொழுந்தனார் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் பட்டறைக்காரரைக் கேட்டார். அவர் ஒரு விநாடி கூட யோசிக்காமல், "மிஷின் போதவில்லை சார். இதைக் கழற்றிவிட்டுப் பெரிசாக ஒன்று போட்டுவிடலாம்" என்று எழுபதாயிரத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார். கொழுந்தனார் பணத்தைப் புரட்டவே கிளம்பிவிட்டார். அப்போது என் ஓரகத்தி கேட்டாள்: "முன்னால் இருக்கிறவருக்குக் காது வலிக்கிற அளவு குளிர்கிறதே! அப்புறம் மிஷின் எப்படிப் போதாமல் போகும்? இருக்கிற குளிர் பின்னால் வரவில்லை, அவ்வளவுதானே?"

எம்.ஏ. படித்த நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

பாகலூர் சாலைப் பக்கம் ஒரு வயதான ஏ.சி. மெக்கானிக் இருப்பதாக யாரோ சொல்லி அவரை அழைத்து வந்தார்கள். கர்நாடக எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் அல்லவா? ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் நடத்திக் கன்னடத்தில் முடிப்பார். வந்தவர் பையிலிருந்து ஸ்பானரை எடுக்கவில்லை. "அம்மா, வீட்டிலே ஊதுபத்தி இருக்குதா? ஜுரம் பார்க்கிறதில்லே, சமையலுக்கு வைக்கிற தர்மாமீட்டர் இருந்தாலும் கொடுங்க" என்றார். மாமியார் பூஜை அறையிலிருந்து ஒரு கட்டு ஊதுபத்தியே எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் ஏதோ சாந்தி செய்யப் போகிறார் என்று நினைத்தாராம்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஏ.சி. என்றால் குளிரை உண்டாக்கும் பெட்டி என்று நாம் நினைக்கிறோம். அது தப்பு. அது உள்ளே இருக்கும் காற்றை ஒரு பக்கம் உறிஞ்சி, அதிலுள்ள உஷ்ணத்தையும் ஈரத்தையும் பிடுங்கி வெளியே தள்ளிவிட்டு, அதே காற்றைத் திரும்பவும் நமக்கு அனுப்புகிறது. 1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் என்ற இளைஞர் இதை முதன்முதலில் வகுத்தது மனிதர்களுக்காகவே அல்ல. புரூக்ளினில் ஓர் அச்சுக்கூடத்தில் காகிதம் ஈரம் பட்டு நீண்டு சுருங்கி, வர்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல் போயிற்று. அதற்காகச் செய்தார். பத்திரிகைக்காரி என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு! பிறகு 1940-ஆம் வருஷத்துப் பாக்கார்டு கார்களில் கம்பெனியே ஏ.சி. வைத்துக் கொடுத்தது. அந்த இயந்திரம் காரின் பின்புறம், சாமான் வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். குளிர் பின் ஸீட்டிலிருந்துதான் கிளம்பும். அதை நிறுத்த வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்! எங்கள் வண்டியில் நேர்ந்தது இதற்குத் தலைகீழ்.

போன காற்று திரும்பி வர வேண்டும். திரும்பி வந்த காற்றுத்தான் மறுபடி போக முடியும். இந்தப் போக்குவரத்தில் எங்கே தடங்கல் என்பதைத்தான் அந்த மெக்கானிக் ஊதுபத்தியை வைத்துக்கொண்டு தேடினார்.

முதலில் கூரையின் நடுவில், காற்றை உறிஞ்சும் கிரில்லுக்கு அடியில் பத்தியை நீட்டினார். புகை சுறுசுறுப்பாக மேலே ஏற வேண்டாமா? சோம்பேறித்தனமாகப் பாதி வழியில் நின்றது. காரணம் பார்த்தால், எங்கள் தூளிப் புடவை! வண்டி நிற்கும்போது குழந்தையைத் தூங்க வைப்பதற்காகக் கூரையில் ஒரு கொக்கி அடித்திருந்தாள் ஓரகத்தி. வண்டி புறப்படும்போது புடவையைச் சுருட்டி அந்தக் கொக்கியிலேயே மாட்டி வைப்பாள். அது போய்க் கிரில்லில் பாதியை மறைத்துக் கொண்டிருந்தது. புடவையை எடுத்துவிட்டுக் கிரில்லைக் கழற்றினார். உள்ளே இருந்த வடிகட்டி, பழைய கம்பளி மாதிரி சாம்பல் நிறமாக இருந்தது. சிப்காட் சாலைத் தூசி முழுவதும் அதில்தான் குடியிருந்தது. குழாயடியில் அலசியபோது ஒரு வாளித் தண்ணீர் கறுத்தது.

இதைச் சாமானியமாக நினைத்துவிடாதீர்கள். காற்று போதுமான அளவு உள்ளே போகாவிட்டால், குளிர்ந்த சுருள் மேலும் மேலும் குளிர்ந்து அதன் மேல் பனிக்கட்டி பிடித்துவிடும். பனிக்கட்டி இருக்கிற கொஞ்சநஞ்ச வழியையும் அடைக்கும். பிறகு அது உருகும்போது நம் தலையில் அபிஷேகம்! எங்கள் வீட்டுக்காரர் இரண்டு தடவை அபிஷேகம் செய்துகொண்டார். "கூரை ஒழுகுகிறது" என்றுதான் அப்போது நினைத்தோம்.

அடுத்தபடி கூரைப் பெட்டியின் மூடியை எடுத்தார். எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே ஒரு பக்கம் காற்றை உறிஞ்சும் அறை, மறு பக்கம் குளிர்ந்த காற்று புறப்படும் அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்புக்கும் கூரைக்கும் இடையில் இரண்டு விரற்கடை சந்து! பத்தியைக் காட்டினார். குளிர்காற்று அறையிலிருந்து புகை நேரே அந்தச் சந்து வழியாக உறிஞ்சும் அறைக்குள் தாவியது.

"நோடி அம்மா, இங்கே புறப்பட்ட காத்து வாசல் தாண்டறதுக்கு முன்னாடியே வீட்டுக்குத் திரும்பி வந்துடுது" என்றார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வண்டி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று மிஷின் நாடி பிடித்துப் பார்க்கும் இடமும் அந்த உறிஞ்சும் அறையிலேதான் இருக்கிறது. திரும்பி ஓடி வந்த குளிர்காற்று நாடியின் மேல் பட்டவுடன், 'ஆகா, எல்லாரும் குளிர்ந்துவிட்டார்கள்' என்று மிஷின் தன் வேலையை நிறுத்திவிடுகிறது. பின்னால் ஒரு கிழவி வெந்து கொண்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

தர்மாமீட்டரை வைத்து அளந்தோம். முன் வெண்ட்டில் 13 டிகிரி. உறிஞ்சும் கிரில்லில் 19. படுக்கையின் மேல் 33. உறிஞ்சும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் மிஷின் சுகமாயிருக்கிறது என்று அர்த்தமாம். எங்களுடையதில் ஆறுதான் இருந்தது. அதற்குக் காரணம் அந்தச் சந்து.

பழுது பார்த்த விவரத்தை நான் அடுக்கிக்கொண்டு போனால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஆனாலும் இரண்டொன்று சொல்லியே ஆக வேண்டும். சந்தைத் தெர்மோகோல் துண்டு வைத்து அடைத்து, அதன் மேல் அலுமினிய டேப் ஒட்டினார். சாதாரண செல்லோ டேப்பும் பிளாஸ்டர் டேப்பும் ஈரத்தில் நாலு நாளில் உரிந்துவிடும். அலுமினியத் தகடு போட்ட டேப்தான் நிற்கும். துடைத்துக் காயவைத்த பிறகே ஒட்ட வேண்டும். பின்னால் போகும் டக்டைப் பார்த்தார். பட்டறைக்காரர்கள் தனிக் குழாய் போடாமல், பிளைவுட் கூரைக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் காற்று எப்படியாவது போய்ச் சேரட்டும் என்று விட்டிருந்தார்கள். மேல் தகடு வெயிலில் கொதிக்கிறது. அதை உரசிக்கொண்டு போகும் காற்று எப்படிக் குளிர்ந்து போகும்? அங்கங்கே ஆணி ஓட்டைகளில் வேறு கசிவு. கடைசி வெண்ட்டுக்கு அப்பாலும் மூன்றடி நீளம் வெறும் பொந்து. காற்று அங்கே போய்ச் சுற்றிவிட்டு வந்தது. அந்தப் பொந்தை வெண்ட்டை ஒட்டியே அடைத்தார். நேர்கோணமாகத் திரும்பிய இடத்தில் சாய்வாக ஒரு தகடு வைத்தார். "கேஆர்பி டேமிலே தண்ணி திரும்பற மாதிரி காத்தும் திரும்பணும், சுவத்திலே முட்டக் கூடாது" என்பது அவர் விளக்கம். தகட்டுக்கும் டக்டுக்கும் இடையில் ஃபோம் ஷீட் ஒட்டினார்.

முன்னால் இருந்த நாலு வெண்ட்டுகளில் இரண்டைப் பாதி மூடச் சொன்னார். "முழுக்க மூடிவிடட்டுமா?" என்று ஆவலுடன் கேட்டேன். "கூடாதும்மா! எல்லாத்தையும் மூடினா மிஷினுக்கு மூச்சு முட்டும். திரும்பவும் ஐஸ் பிடிக்கும்" என்றார். எங்கள் கனமான திரையைப் பார்த்துச் சிரித்தார். குளிர்காற்று பின்னால் போனாலும், அங்கிருக்கும் சூடான காற்று திரும்பி வரத் திரை விட்டால்தானே? அரையடி மேலேயும் ஓர் அடி கீழேயும் விட்டுத் திரையை வெட்டித் தைத்தேன். இந்த முழுப் பரிகாரத்தில் என் பங்கு அது ஒன்றுதான்.

எல்லாம் முடிந்துவிட்டது, காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. படுக்கைக்கு அடியில் குனிந்து பத்தியைக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வண்டியின் பின்புறத்தில், படுக்கைக்கு நேர் கீழே, ஜெனரேட்டர் வைக்க ஓர் அறை. ஏ.சி.க்கு மின்சாரம் அதிலிருந்துதான். அங்கிருந்து கம்பி மேலே வருவதற்காகத் தளத்தில் ஒரு துவாரம் போட்டிருந்தார்கள். கம்பி கட்டைவிரல் பருமன். துவாரமோ ஒரு டம்ளர் அகலம். பத்திப் புகை அந்தத் துவாரத்திலிருந்து மேல்நோக்கி, படுக்கைப் பக்கம் வந்து கொண்டிருந்தது.

"இது ஓடும்போது இதுக்கு மேலே யாராவது படுத்திருந்தாங்களா?" என்று கேட்டார். அவர் குரல் மாறிவிட்டது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம்.

2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு காரவனுக்குள் இரண்டு பேர் உயிரற்றுக் கிடந்தார்கள். காயம் ஒன்றும் இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் வந்து வண்டியைச் சோதித்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு, தளத்திலிருந்த துவாரத்தின் வழியாக உள்ளே ஏறியதே காரணம் என்று முடிவாயிற்று. அந்தச் செய்தியை அலுவலகத்தில் நானே படித்து, 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைப் புரட்டியவள்தான்.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் அணுக்களை, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், வயிற்றுப் புரட்டல், அசதி. வெயில் கொடுமையிலும் இதே லட்சணங்கள்தான். விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறதே, அது பிராணவாயு ஏறிய அணுவையும் இந்த விஷவாயு ஏறிய அணுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, '98' என்று சமர்த்தாகக் காட்டிவிடும். தனியாக இரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். ஜெனரேட்டர் ஓடியது என்று நாங்களும் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சங்கதி அது என்று எங்களுக்குத் தோன்றினால் அல்லவா?

கிருஷ்ணகிரிச் சாவடியில் என் மாமியாருக்கு வந்தது வெயிலா, அந்தத் துவாரமா? இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை. ஜன்னல்களை இழுத்து அடைத்தவள் நான். படுக்கைக்கு மேல் குளிர் வந்திருந்தால், "சௌகரியமாகத் தூங்குகிறார், எழுப்பாதே" என்று சொல்லிக்கொண்டு திருவண்ணாமலை வரையில் போயிருப்போம். அப்போது அந்த அனல்தான் எங்களைத் திரையை விலக்கிப் பார்க்க வைத்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

மெக்கானிக் அன்றைக்குக் காபி சாப்பிடவே இல்லை. ஜெனரேட்டர் அறையை உள்பக்கம் முழுவதும் தகடு அடித்து, சந்து சந்தாக அடைத்து, கம்பித் துவாரத்துக்கு ரப்பர் வளையம் போட்டு, புகைக்குழாயை வண்டியின் விளிம்புக்கு வெளியே நீட்டிவிட்டுத்தான் போனார். மறுநாள் ஒரு பெட்டியை நீட்டினார்: விஷவாயு வந்தால் கத்தும் அலாரம். படுக்கைக்குப் பக்கத்தில் அதை மாட்டினோம். அவர் எங்களிடம் வாங்கிய சத்தியங்கள் இவை: வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே தூங்கும்போது ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது, தங்கும் விடுதியில் பிளக் இருந்தால் அதில் மாட்டிக்கொண்டு ஏ.சி. போடலாம், இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்து விசிறி. ஓடும்போதும் மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து புதுக் காற்று விட வேண்டும். உள்ளே இருப்பவர்களில் ஒருவருக்குத் தலைவலி என்றாலும் முதலில் எல்லாரும் கீழே இறங்க வேண்டும், காரணத்தை அப்புறம் யோசிக்கலாம். அலாரம் இருக்கிறது என்று எதையும் தளர்த்தக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஆக மொத்தம் கூலியும் சாமானும் சேர்ந்து எட்டாயிரத்துச் சொச்சம். எழுபதாயிரம் கொடுத்துப் பெரிய மிஷின் போட்டிருந்தால், அதற்கு இன்னும் பெரிய ஜெனரேட்டர், அதன் புகையும் அதே துவாரத்தில்.

காரவன் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக் காரிலேயே பின் ஸீட்டில் குழந்தைக்கு வேர்க்கிறது, முன் ஸீட்டில் அப்பாவுக்குக் குளிர்கிறது என்றால், முன் வெண்ட்டுகளை முகத்துக்கு நேரே திருப்பாமல் கூரையைப் பார்க்க வையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. மேலே போய்ப் பின்னால் தானாக இறங்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு வடிகட்டி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு வாடகை வேனில் போகும்போது கூரைக் கிரில்லுக்கு அடியில் மூட்டையை அடுக்காதீர்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் கதவை அடைக்காமல், இரண்டு நிமிஷம் எல்லாக் கதவையும் திறந்து அனலை வெளியேற்றுங்கள். அடைத்த இடத்தில் என்ஜினை ஓட்டிக்கொண்டு ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பது வடகரைச் சங்கதிதான்.

அந்தச் சாலையில் எங்களுக்கு முன்னும் பின்னும் போன லாரிக்காரர்களையும் நான் நினைத்துக்கொண்டேன். எத்தனையோ வருஷம் என்ஜின் சூட்டிலும் கிருஷ்ணகிரி வெயிலிலும் பனியனோடு உட்கார்ந்து ஓட்டியவர்கள். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளுக்கு அது கிடையாது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கிளம்பினோம். இந்தத் தடவை நிஜமாகவே ஏழு மணிக்கு! மாமியாரைச் சம்மதிக்க வைக்க என் ஓரகத்திதான் வேண்டியிருந்தது. "அண்ணாமலையார் அன்றைக்கும் கூப்பிட்டார் அத்தை. வண்டிதான் காது கேட்காமல் இருந்தது" என்றாள்.

நான் பின்னால், படுக்கைக்கு அடியில் ஒரு மணை போட்டு, தர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணகிரிச் சாவடியில் படுக்கையின் மேல் 26 டிகிரி. முன்னால் என் கணவர் துண்டை எடுத்துவிட்டார். ஊத்தங்கரையில் கதவைத் திறந்து காற்று வாங்கினோம். செங்கம் தாண்டியதும் மாமியார், "ஏம்மா, அந்தப் போர்வையை எடு, கால் சில்லிடுகிறது" என்றார். நான் அவசரமாகப் போர்வையை எடுத்துப் போர்த்தினேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, "தலை வலிக்கிறதா அத்தை?" என்று கேட்டேன். நாலாவது தடவையாகக் கேட்டேன் போலிருக்கிறது. "நீ கேட்டுக் கேட்டுத்தான் வலிக்கிறது" என்றார்.

சந்நிதியில் அவருக்கு நாற்காலி கிடைத்தது. வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாம்பழம் இரண்டு பெட்டி வாங்கினோம். கொழுந்தனார் வழக்கப்படி கையில் அகப்பட்ட இடத்தில் பெட்டியை வைக்கப் போனார்.

"அங்கே வைக்காதேடா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அது காத்துப் போகிற வழி. உன் மடியில் வைத்துக்கொள்."

வண்டியை ஓட்டுவது கொழுந்தனார் ஆகையால், பெட்டி இரண்டும் ஓசூர் வரையில் என் கணவர் மடியில் வந்தன.